இடது லீவர்

மீட்டருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. தொழிலில் இறங்கிய பிறகு அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. பழைய பொக்லைன் எந்த மண்மேட்டில் மக்கர் பண்ணி நின்றாலும் "மீட்டரைக் கூப்பிடு" என்பார்கள். இடுப்பில் மஞ்சள் மல்டிமீட்டரும் தோளில் ஸ்கேனர் பையுமாக அவர் பைக்கை விட்டு இறங்கும்போதே டிரைவர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். "டாக்டர் வந்தாச்சு, நாக்கை நீட்டு" என்று வண்டியைத் தட்டிச் சொல்வார்கள். மீட்டரும் சும்மா விடமாட்டார். "நாக்கை அப்புறம் பாக்கலாம். முதல்ல ஓட்டறவன் மண்டையில கரன்ட் வருதான்னு பாக்கணும்" என்பார். வாய் கொஞ்சம் அப்படி. ஆனால் கைராசிக்காரர் என்று பேரெடுத்தவர்.

இந்த வண்டிகளில் லீவரை அசைத்தால் எண்ணெய் நேராகப் பாய்ந்து வேலை செய்வதில்லை. லீவர் ஒரு எலெக்ட்ரானிக் பெட்டிக்குச் சேதி சொல்லும். அந்தப் பெட்டி இன்னொரு பெட்டிக்குச் சொல்லும். எஞ்சினுக்கு ஒரு பெட்டி, பம்புக்கு ஒரு பெட்டி, டிரைவர் முன்னால் இருக்கும் திரைக்கு ஒரு பெட்டி. எல்லாப் பேச்சும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய இரண்டே ஒயரில் நடக்கும், மஞ்சள் ஒன்று, பச்சை ஒன்று. எலி கடித்தாலோ, தண்ணீர் இறங்கினாலோ, எவனாவது அவசரத்துக்கு அறுத்து ஒட்டுப் போட்டாலோ பேச்சு அறுந்துபோகும். வீட்டில் ஒருத்தர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தால் மற்றவர் பாட்டுக்கு ஒன்றை நினைத்துக்கொள்வார் இல்லையா, அந்த மாதிரிப் பெட்டிகளும் தானாக எதையாவது நினைத்துக்கொள்ளும். பேச்சு எங்கே அறுந்தது என்று தேடுவதுதான் மீட்டரின் பிழைப்பு.

பழைய வண்டி என்றால் நாலு கை மாறி வந்திருக்கும். கோளாறைப் படித்துக் காட்டுகிற ஸ்கேனரைச் செருகினால் திரையில் எரர் வரிசை கட்டி நிற்கும். எப்போதோ ஏசி கெட்டது, எப்போதோ பேட்டரி இறங்கியது, யாரோ எதையோ கழற்றிவிட்டு மாட்டாமல் போனது என்று எல்லாக் குப்பையும் அதில் கிடக்கும். எது இன்றைய நோய், எது பழைய தழும்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது சாய்ந்துவிடும். அதனால் இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் முதலில் செய்வது ஒரே வேலைதான். அத்தனையையும் அழித்துவிடுவார்கள். சாவியை அணைத்துப் போட்டு, ஓட்டிப் பார்த்து, திரும்ப எது வருகிறது என்று காத்திருப்பார்கள். திரும்ப வருவது கோளாறு, வராதது குப்பை. மீட்டர் இதை யோசித்துச் செய்வதில்லை. சட்டைப் பொத்தான் போடுகிற மாதிரிக் கை செய்துவிடும்.

அவருடைய மச்சான் இப்படி ஒரு வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அம்மா போன பிறகு அக்காவோடு வந்து ஒட்டிக்கொண்டவன். சாப்பாட்டு நேரத்தில் மாமாவை வம்புக்கு இழுக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. போன வாரம் அந்த வண்டி ஒரு ஆளைக் கொன்றுவிட்டது. வண்டி கொன்றதா, அவன் கொன்றானா என்பதுதான் இப்போது கேள்வி.

குழாய் பதிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. பள்ளத்திலிருந்து அள்ளிய மண்ணை ஒரு பக்கம் கொட்டிவிட்டு, அவன் வண்டியின் மேல்பாகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான். திருப்புவதற்கு இடது கை லீவர். அந்த நேரம் பார்த்துக் குழாய்க்காரர் பள்ளத்திலிருந்து ஏறி மேலே வந்தார். பார்த்ததும் இவன் லீவரை விட்டுவிட்டான். விட்டால் வண்டி நிற்க வேண்டும். அது நிற்காமல் சுற்றிக்கொண்டே வந்து, பக்கத்தில் அடுக்கியிருந்த குழாய்களோடு சேர்த்து அவரை மண் அள்ளுகிற பக்கெட்டால் நசுக்கிவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் இரண்டு பேரும் ஒரே கிளாஸில் டீயைப் பங்கு போட்டுக் குடித்திருந்தார்கள்.

"நான் விட்டுட்டேன், நான் விட்டுட்டேன்" என்று மச்சான் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். வேலையில் இருந்தவர்களைக் கேட்டால், "வண்டி சுத்துனதைப் பாத்தோம். உள்ள கை எங்க இருந்துச்சுன்னு யாரு பாத்தா?" என்றார்கள். பிறகு அதே வண்டியை முதலாளியின் ஷெட்டுக்கு ஓட்டி வந்த இன்னொரு டிரைவர், தன்னிடம் அது ஒரு சின்ன முரண்டுகூடப் பண்ணவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கஷ்டம்.

விபத்தை விசாரிக்கிற பெண் அதிகாரி மத்தியானம் வருவதாக இருந்தது. அன்று விடிந்ததிலிருந்து மழை. மீட்டர் வீடு மாடியில் இரண்டே அறை, காயாத துணியெல்லாம் கயிற்றில் முகத்தில் இடிக்கிற உயரத்தில் தொங்கியது. மீட்டரின் மனைவி பொக்லைன் சீட்டுகளுக்கு ரெக்ஸின் உறை தைப்பவள். வீடு முழுக்க ரெக்ஸின் வாடை அடிக்கும். அந்த வாரம் தையல் மிஷின் மேல் துணி போட்டு மூடியே கிடந்தது. தம்பி ஜன்னலோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் வைத்த சோறு காய்ந்து கிடந்தது.

"ரெண்டு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றாள் புருஷனிடம்.

"வந்து சாப்பிடறேன். ஷெட்டுக்காரர் வரச் சொல்லியிருக்காரு. அந்தம்மா வர்றதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை பாத்துடு, உன் மச்சான் விஷயம்னாரு."

"அந்த மனுஷனாவது அப்படிச் சொன்னாரே."

தம்பி தலையைத் தூக்கினான். "மாமா, கண்ணை மூடித் திறக்கற நேரம்தான். நான் விட்டதுக்கப்புறமும் சுத்துச்சு. கையில ஒண்ணுமில்ல, வெறுங்கை. வெறுங்கையா இருக்கேன், அது சுத்திக்கிட்டே போகுது."

"அப்படி ஆகும் மாப்ள. லீவர் கடைசியா சொன்னதையே பிடிச்சுக்கிட்டுப் பெட்டி நின்னிருக்கும். விட்டுட்டேங்கற சேதி போய்ச் சேந்திருக்காது."

"நிஜமாவே அப்படி ஆகுமா? இல்ல எனக்காகச் சொல்றீங்களா?"

"உனக்காக நான் எதுக்குடா சொல்லணும்? நீ என்ன எனக்கு மாமனா மச்சானா?" என்றார் மீட்டர். வழக்கமாக இதற்கு அவன் சிரிப்பான். அன்று சிரிக்கவில்லை. "ஒயர்ல கோளாறு இருந்தா என் கண்ணுக்குத் தப்பாது. போதுமா? முதல்ல சோத்தைத் தின்னு."

"அந்தக் குழாய்க்காரரோட சம்சாரம் என்னைக் கேட்டாங்க மாமா. உனக்குக் கண்ணு இல்லையான்னு கேட்டாங்க. வேற ஒண்ணும் கேக்கல. நான் விட்டேன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

மீட்டர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

ஷெட்டின் தகரக் கூரை நாலு இடத்தில் ஒழுகியது. வண்டி நடுவில் நின்றது. பக்கெட்டை யாரோ தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தார்கள். கழுவிய இடம் மட்டும் மற்ற இடத்தைவிடப் பளிச்சென்று தெரிந்தது. மீட்டர் அதைப் பார்க்காமல் படியில் காலை வைத்து ஏறி உட்கார்ந்தார். சீட்டு உறை அவர் மனைவி தைத்தது. உட்கார்ந்ததும் ஒருவிதத் தெம்பு வந்தது. எத்தனை வண்டி பார்த்திருக்கிறோம், இதென்ன பிரமாதம் என்று நினைத்துக்கொண்டார். சாவியைப் போட்டார். சீட்டுக்குப் பின்னால் ஸ்கேனரைச் செருகினார். மற்ற பழைய வண்டிகளைப் போலவே இதிலும் எரர் கூட்டமாக வந்து நின்றது. ஏசி, டீசல் டேங்க் மிதவை, முன்விளக்கு. கீழே இன்னும் நிறைய இருந்தது.

அவர் கை பொத்தானை அழுத்தியது. எல்லாவற்றையும் அழிக்கவா என்று ஸ்கேனர் கேட்டது. ஆம் என்று அழுத்தினார். நிச்சயமாகவா என்று இன்னொரு தடவை கேட்டது. அது வாடிக்கையாகக் கேட்பதுதான், ஆம் என்றார். சாவியை அணைத்து, மறுபடி போட்டார். திரை துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. சரி, இனிமேல் எது வருகிறதோ அதுதான் நம்ம ஆள் என்று மல்டிமீட்டரை இடுப்பிலிருந்து உருவிக்கொண்டு கீழே இறங்கினார்.

ஒரு கால் தரையிலும் ஒரு கால் படியிலுமாக இருந்தபோதுதான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரு வரி இருந்திருக்கலாம். இடது லீவரோடு பேச்சு அறுந்தது, இன்ன மணியில் அறுந்தது என்று ஒரே ஒரு வரி. வண்டி எத்தனை மணி ஓடியிருக்கிறது என்கிற கணக்கோடுதான் ஒவ்வொரு எரரும் பதியும். விபத்து நடந்தபோது வண்டியின் மணி என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மணியும் இந்த வரியும் பொருந்தியிருந்தால் மச்சான் தப்பித்தான். அவர் முதல் மூன்று வரிக்குக் கீழே பார்க்கவேயில்லை. இருந்ததா இல்லையா என்று இனி எவனாலும் சொல்ல முடியாது. இந்த மாடலில் அழித்தால் அழிந்ததுதான்.

திரும்ப ஏறி, திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். வெறுமையாகத்தான் இருந்தது. பிறகு அவருக்கு ஒரு வெறி பிடித்தது. கோளாறு நிஜமாக இருந்தால் அது வந்தாக வேண்டும், இன்று வந்தாலும் போதும், வண்டியில் கோளாறு உண்டு என்றாவது ஆகும் என்று வேலையில் இறங்கினார்.

பேட்டரியைத் துண்டித்துவிட்டு மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தார். அறுபது ஓம் காட்ட வேண்டும், அறுபதுதான் காட்டியது. ஒயரின் இரண்டு கோடியிலும் காவல் நிற்கிற ரெசிஸ்டர் சரியாக இருக்கிறது, நடுவில் அறுபடவில்லை என்று அர்த்தம். ஒயர்க்கட்டைப் பிடித்து உலுக்கினார், மடக்கினார், கால்முட்டியால் அழுத்திப் பார்த்தார். ஆணி அடித்த மாதிரி நின்றது அந்த அறுபது. பேட்டரியைத் திரும்ப மாட்டி, வண்டியைக் கிளப்பி இடப்பக்கம் சுற்றி லீவரை விட்டார். நின்றது. வலப்பக்கம் சுற்றி விட்டார், நின்றது. வேகமாகச் சுற்றினார், மெதுவாகச் சுற்றினார், எஞ்சினை நன்றாகச் சூடேற்றிவிட்டுச் சுற்றினார். ஒழுகுகிற கூரைக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தி, கேபின் மேல் தண்ணீர் சொட்டவிட்டுச் சுற்றினார். சொன்னபடி கேட்கிற பிள்ளையாக அது ஒவ்வொரு தடவையும் நின்றது. வாழ்க்கையில் எந்த வண்டியையும் அவர் இப்படி வெறுத்ததில்லை.

கடைசியில் சீட்டுக்கு அடியில், தரை ரப்பரை உரித்த இடத்தில், ஒரு ஒட்டு அகப்பட்டது. எந்தக் கையோ எப்போதோ மஞ்சள் ஒயரை அறுத்து, இரண்டு நுனியையும் சும்மா முறுக்கி, டேப் சுற்றி விட்டிருந்தது. டேப் காய்ந்து வெடித்திருந்தது. தொட்டதும் கையோடு வந்துவிட்டது. உள்ளே செம்பில் பாதி பச்சையாகப் பூத்திருந்தது. நீதானா, நீதானா என்று அதை ஆட்டிப் பார்த்தார். எரர் வரவில்லை. மண்டியிட்டு நெற்றியைச் சீட்டு உறையில் முட்டிக்கொண்டார்.

"என்ன மீட்டரு, கிடைச்சுதா?" என்று ஷெட்டுக்காரர் குடையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஒரு ஒட்டு இருக்குங்க. சந்தேகமா இருக்கு."

"அதனாலதான் ஆச்சுன்னு சொல்லலாமா?"

"இப்ப நல்லா வேலை செய்யுது."

"நல்லா வேலை செஞ்சா எப்படிப்பா சந்தேகம்?"

"ஆடும்போது ஒரு நொடி விட்டுப் பிடிக்கும்ங்க. சில நாள் விடும், சில நாள் விடாது."

"அதை அந்தம்மாகிட்ட நீ புரியற மாதிரி சொல்லு. எனக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது? அந்தப் பையன் என்கிட்ட வேலைக்கு வந்ததுலேருந்து ஒரு வேலிக்கம்பியைக்கூட இடிச்சதில்லை. எனக்கு மட்டும் அவனை உள்ள அனுப்பணும்னு ஆசையா?" என்றார் ஷெட்டுக்காரர். நிஜமாகவே வருத்தப்பட்டார். அதுவும் மீட்டருக்குத் தாங்கவில்லை.

ஒழுகுகிற இடத்தில் செம்பை மூடாமல் விட்டுவிட்டுப் போக எந்த எலெக்ட்ரீஷியனுக்கும் மனசு வராது. மீட்டர் பையிலிருந்து புது டேப்பை எடுத்து ஒட்டின் மேல் நெருக்கமாகச் சுற்றினார். பழைய டேப் சேற்றில் விழுந்து காலில் மிதிபட்டது. பிறகு வீட்டுக்குக் கிளம்பினார்.

மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். ஈரச் சட்டையைக்கூடக் கழற்றவிடாமல் கேட்டாள்.

"கண்டுபிடிச்சீங்களா?"

"ஒரு ஒட்டு இருக்கு."

"அப்படின்னா?"

"அப்படின்னா இருக்கு. ஆனா எரர் காட்ட மாட்டேங்குது."

அவள் அடுப்படிக்குப் போய், சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டே குரலைத் தணித்தாள். தம்பி உள்ளறையில் படுத்திருந்தான்.

"காட்ட மாட்டேங்குதுன்னா நீங்க காட்ட வைங்க. உங்களுக்குத் தெரியாததா? அந்த ஒட்டைக் கொஞ்சம் தளத்தி விடுங்க. அந்தம்மா வந்து பாக்கும்போது எரர் வரட்டும்."

"அது தப்பும்மா."

"என் தம்பி உள்ள போறது தப்பில்லையா? அவன் விட்டான்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நடந்ததைத்தானே காட்டச் சொல்றேன்?"

"காட்டினாலும் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு எரருக்கும் வண்டியோட மணி பதியும். இன்னைக்கு வர வச்சா இன்னைக்கு மணிதான் காட்டும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் அதிகம் படித்தவளில்லை, ஆனால் ரெக்ஸினை வெட்டுவதற்கு முன்னால் மனசுக்குள்ளேயே மடித்துப் பார்த்துவிடுகிற ஆள்.

"அப்போ அன்னைக்கு வந்தது அன்னைக்கு மணியோட அதுல இருக்கணும்ல?"

மீட்டர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன். இருக்கணும்ல?"

"இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்னா என்ன அர்த்தம்? இருக்கா இல்லையா?"

"அழிச்சுட்டேன்."

"எதை?"

"எல்லாத்தையும். போனதும் அழிச்சுட்டேன். எப்பவும் அப்படித்தான் பண்ணுவோம். கை பழக்கத்துல..." என்று அவர் இழுத்தார்.

அவள் அவரை அடித்திருந்தால்கூடத் தேவலை. பேயறைந்த மாதிரி நின்றாள். உள்ளறை வாசலில் சத்தம் கேட்டுத் திரும்பினால், தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது.

"மாமா" என்றான். கோபமே இல்லை. "அழிக்கறதுக்கு முன்னாடி பாத்தீங்களா?"

மீட்டர் நிமிர்ந்தார்.

"ஜெயிலுக்குப் போறதை விடுங்க. அது எது வேணா ஆகட்டும். எனக்கு இது மட்டும் தெரியணும் மாமா. நான் விட்டேனா இல்லையான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. கண்ணை மூடினா ஒரு தடவை கை விட்டிருக்கு, ஒரு தடவை பிடிச்சுக்கிட்டு இருக்கு. நீங்க பாத்திருந்தா சொல்லுங்க. அந்த எரர் இருந்துச்சா?"

அவன் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அந்த நேரத்தில் உண்மை வாயில் வந்திருக்காது. மீட்டர் ஒன்றும் பெரிய பொய்யர் இல்லை. இந்த வீட்டில் அவர் சொன்ன பொய்யெல்லாம் சாப்பிட்டுவிட்டேன், வழியில் மழை என்கிற ரகம்தான்.

"பாத்தேன் மாப்ள" என்றார். "இருந்துச்சு."

"இடது லீவரா?"

"இடது லீவர்தான். அன்னைக்கு மணிதான். நீ விட்டுட்டே. வண்டிதான் விடல."

தம்பி அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதான். அந்த வாரம் முழுக்க அழாதவன் வாய்விட்டு அழுதான். அக்கா ஓடிப்போய் அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டாள். "நான்தான் சொன்னேன்ல, நான்தான் சொன்னேன்ல" என்று அவளும் அழுதாள். அழுது முடித்துவிட்டு அவன் சோறு கேட்டான். அவள் முட்டை பொரித்துப் போட்டாள். அவன் சாப்பிடுவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீட்டர் தன் தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டேயிருந்தார்.

"அந்தம்மாகிட்ட இதை அப்படியே சொல்லிடுங்க" என்றாள் அவள், இருவரும் கிளம்பும்போது. "பாத்தேன், தெரியாம அழிச்சுட்டேன்னு சொல்லுங்க. கண்ணால பாத்த சாட்சி நீங்க. அதுக்கு மேல என்ன வேணும்?"

அதிகாரி வயசில் சின்னவர், மழைக்கோட்டும் சேறு படிந்த பூட்ஸுமாக ஷெட்டுக்கு வந்திருந்தார். கூட ஒரு போலீஸ்காரர். அம்மணி யாரையும் மிரட்டவில்லை. தன்னுடைய ஸ்கேனரைத் தானே செருகினார். தானே அறுபது ஓம் பார்த்தார். லீவரைத் தானே அசைத்து விட்டுப் பார்த்தார். வேலை தெரிந்த ஆள் என்று மீட்டருக்குப் புரிந்தது.

"எரர் ஒண்ணுமே இல்லையே. பழைய வண்டியில இவ்வளவு சுத்தமா இருக்காதே" என்றார் அவர். "யார் அழிச்சது?"

"நான்தாங்க. காலைல."

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"என் மச்சான்ங்க."

அவர் ஷெட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். ஷெட்டுக்காரர் குடையைப் பார்த்தார். பிறகு மீட்டர் சீட்டுக்கு அடியில் இருக்கிற ஒட்டைக் காட்டினார். செம்பு பச்சை பூத்திருந்தது, டேப் வெடித்திருந்தது, ஆடும்போது விட்டிருக்கும் என்று ஒரே மூச்சில் சொன்னார். அதிகாரி குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"டேப் புதுசா இருக்கே?"

"நான்தாங்க சுத்தினேன். ஒழுகுது, திறந்து விடக்கூடாதுன்னு."

"சரி. அதுவும் புரியுது." அவர் நிமிர்ந்தார். "அழிக்கறதுக்கு முன்னாடி லிஸ்டைப் பாத்தீங்களா?"

மச்சான் இரண்டடி தள்ளி நின்றிருந்தான். சாப்பிட்டதில் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. மாமா சொல்லப்போவதைக் கேட்க அவன் தலையை நிமிர்த்தி வைத்திருந்தான்.

"பாத்தேங்க. இடது லீவர் பேசலைன்னு எரர் இருந்துச்சு. விபத்து நடந்த மணியில."

"கண்ணால பாத்தீங்க?"

"பாத்தேங்க."

அதிகாரி டார்ச்சை அணைத்தார். பிறகு அவர் பேசினார். குரலில் ஏளனம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது.

"உங்க வேலை எனக்குத் தெரியும். பழைய வண்டின்னா முதல்ல அழிப்பீங்க. பாக்காமலே அழிச்சுட்டேன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். இதுக்கு முன்னாடி ரெண்டு மூணு பேர் அப்படிப் பண்ணிப் பாத்திருக்கேன். அந்த ஒட்டையும் சேத்து, கோளாறு இருந்திருக்கலாம்னு எழுதியிருப்பேன். ஆனா நீங்க பாத்துட்டு அழிச்சேங்கறீங்க. உங்க மச்சானைக் காப்பாத்தற ஒரே வரி அது. அதைக் கண்ணால பாத்துட்டு யாராவது அழிப்பாங்களா?"

மீட்டர் வாயைத் திறந்தார்.

"இல்லைங்க... பாக்கல. நிஜமாவே பாக்கல. மேல ரெண்டு மூணு வரிதான்..."

"இப்ப நான் எதை எழுதறது? காலைலேருந்து வண்டி உங்க கையில தனியா இருந்திருக்கு. ஒட்டு நீங்க போட்டதா இல்லையான்னு நான் எதை வச்சு நம்பறது?"

"ஒட்டு பழசுங்க. சத்தியமா பழசு. பழைய டேப்பு இங்கதான் எங்கயோ..." என்று அவர் சேற்றில் குனிந்து இரண்டு கையாலும் துழாவினார். ஐம்பதைத் தொடுகிற மனுஷன் முழங்காலிட்டுச் சேற்றைக் கிளறுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வந்ததெல்லாம் ஆயில் பிசுக்கும் துருப்பிடித்த ஆணியும்தான்.

"மாமா, எந்திரிங்க" என்றான் மச்சான்.

அவர் எழவில்லை. அவன் வந்து தோளைத் தொட்டுத் தூக்கினான். அவர் கண்ணைப் பார்த்து, மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"பாக்கலையா?"

மீட்டர் தலையைக் குனிந்துகொண்டார். அதுவே போதுமானதாக இருந்தது. மச்சான் முகத்தில் மத்தியானம் வந்த தெளிவு வடிவதை ஷெட்டுக்காரர்கூடப் பார்த்தார். அவர் திரும்பி வெளியே மழையைப் பார்க்க ஆரம்பித்தார்.

"மேடம்" என்றான் அவன். "என் கைதாங்க."

"என்ன சொல்றீங்க?"

"விட்டேன்னு நினைச்சேன். விடல போல."

"அவசரப்படாதீங்க. யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்குக்கூடச் சொல்லலாம்."

"வீட்ல உக்காந்து அதைத்தாங்க யோசிச்சுக்கிட்டு இருந்தேன். வண்டியைப் பாருங்க, எத்தனை தடவை விட்டாலும் நிக்குது. யாருக்கும் ஒண்ணும் பண்ணல. அன்னைக்கு எனக்கு மட்டும் எப்படிங்க பண்ணும்? குழாய்க்காரரோட சம்சாரம் கேட்டாங்க, கண்ணு இல்லையான்னு. நான் போய் அவங்ககிட்ட சொல்லிடறேன். என் கைதான்னு சொல்லிட்டா அவங்களுக்கும் ஒரு முடிவு தெரிஞ்ச மாதிரி இருக்கும்."

"அவன் பொய் சொல்றான்ங்க!" என்று மீட்டர் கத்தினார். "அவன் விட்டுட்டான். எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அதிகாரி கேட்டார்.

அவருக்கு எப்படித் தெரியும்? அவனைத் தெரியும் என்று சொல்லலாம். கூட இருந்து சோறு தின்றவன் என்று சொல்லலாம். அதையெல்லாம் எந்த மல்டிமீட்டரில் வைத்துக் காட்டுவது? அவர் சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றார்.

வாக்குமூலம் எழுதிக்கொள்ள ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்று போலீஸ்காரர் மச்சானிடம் சொன்னார். நல்லபடியாகத்தான் சொன்னார், கையைக்கூடப் பிடிக்கவில்லை. ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் அவன் மாமா பக்கமாக வந்தான்.

"அக்காகிட்ட, எரர் இருந்துச்சுன்னே சொல்லுங்க மாமா. நான் வராததுக்கு வேற ஏதாவது காரணம் சொல்லிக்குங்க. அது மட்டுமாவது நம்பட்டும்."

ஜீப் போன பிறகு ஷெட்டுக்காரர், ஒரு டீ குடித்துவிட்டுப் போ என்றார். மீட்டர் காதில் விழவில்லை. பைக்கைத் தள்ளிக்கொண்டே பாதி வழி நடந்தார். கிளப்ப வேண்டும் என்பது அப்புறம்தான் நினைவு வந்தது. மழை விட்டிருந்தது. தெருவில் ஆட்கள் கடையைத் திறந்து வைத்து வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். சொல்ல வேண்டியதை அவர் வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

படியேறும்போதே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் மிஷின் மேல் கிடந்த துணியை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் காலடி கேட்டதும் நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தாள். முதலில் அவர் சேற்றுக் கையைப் பார்த்தாள், பிறகு அவருக்குப் பின்னால் படியைப் பார்த்தாள். படியில் யாரும் ஏறி வரவில்லை.

"இருந்துச்சும்மா" என்றார் மீட்டர். "சொல்லிட்டேன். அந்த எரர் இருந்துச்சு."

"அதை நான் கேக்கலைங்க" என்றாள் அவள். "தம்பி எங்க?"